கேப்சூல், சிறுகுறிஞ்சான் பொடி, மாத்திரை மூன்றும் சேர்ந்து சுகர் 58: எதை நிறுத்துவது?

ஐஸ்கம்பெனி கணக்கு | ஜூலை 9

வணக்கம். எனக்கு 53 வயது. சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வீடு புதுவண்ணாரப்பேட்டை. சுகர் வந்து நாலு வருடம் ஆகிறது. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் மாத்திரை வாங்குகிறேன். மெட்ஃபார்மின் 500 காலை ஒன்று, இரவு ஒன்று. கிளைமிபிரைடு 1 மில்லிகிராம் காலையில் சாப்பாட்டுக்கு முன்.

கணக்கு எழுதுகிறவன் என்பதால் எண்களோடு சொல்கிறேன், சலித்துக்கொள்ளாதீர்கள். பொங்கல் முடிந்து பார்த்த மூன்று மாத சர்க்கரை, அதாவது ஹெச்பிஏ1சி, 8.4. டாக்டர் மாத்திரையைக் கூட்டலாமா என்று யோசித்தார். நான்தான் கொஞ்சம் பொறுங்கள், சாப்பாட்டில் குறைத்துக் காட்டுகிறேன் என்று தவணை கேட்டு வந்தேன். காட்டவில்லை.

சித்திரை பிறந்த அன்று என் மச்சான் வீட்டுக்கு வந்தார். அவர் இப்போது மூலிகைக் கேப்சூல் விற்கிறார். ஒரு பாட்டிலில் 60. ஏழு மூலிகை: சிறுகுறிஞ்சான், வெந்தயம், பாகற்காய், நாவல் கொட்டை, பட்டை, மஞ்சள், சீந்தில். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. "பக்கவிளைவே கிடையாது மாமா, எல்லாம் செடிதானே" என்றார். தங்கை புருஷன். வேண்டாம் என்று சொன்னால் தீபாவளி வரை பேச்சு நின்றுவிடும். வாங்கிக்கொண்டேன்.

என் மனைவி அதோடு விடவில்லை. கந்தகோட்டத்துக்குப் போனவர் அப்படியே ராசப்பச் செட்டித் தெருவில் நாட்டுமருந்துக் கடை ஒன்றில் சிறுகுறிஞ்சான் பொடியும் கால் கிலோ வாங்கி வந்துவிட்டார். காலையில் வெந்நீரில் ஒரு ஸ்பூன்.

என்னிடம் மீட்டர் இருக்கிறது. வெறும் வயிற்றில் பார்த்து நோட்டில் எழுதி வருகிறேன். ஏப்ரல் இரண்டாம் வாரம்: 168, 172, 159. மே முதல் வாரம்: 141, 138, 144. ஜூன் தொடக்கம்: 122, 117, 126. ஜூன் கடைசியில் பார்த்த ஹெச்பிஏ1சி 7.2. மச்சானுக்கு போன் போட்டு நானே சொன்னேன். அவர் அதை நாலு பேருக்குச் சொல்லி நாலு பாட்டில் விற்றுவிட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை. காசிமேட்டு ஞாயிறு எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று மணிக்கு எழுந்து பொடி, கேப்சூல், இரண்டு மாத்திரை எல்லாம் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வழக்கமாக நாலு மணிக்கு வார்ஃப் வாசலில் நாலு இட்லி சாப்பிடுவேன். அன்று படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன, ஐஸுக்கு ஆள் மேல் ஆள் நிற்கிறார்கள், சாப்பிடவில்லை. முந்தின நாள் பொன்னேரியில் மாமியார் வீட்டு வேலியிலிருந்து சிறுகுறிஞ்சான் இலை கொஞ்சம் பறித்து வந்திருந்தேன். பையில் இருந்தது. பசிக்கு அதில் இரண்டு இலையை மென்றேன். என்ன புத்தியோ.

ஐந்தரை மணி இருக்கும். வேர்த்துக் கொட்டுகிறது. ஐஸ் கம்பெனிக்குள் உட்கார்ந்து வேர்க்கிறது என்றால் பாருங்கள். கை நடுங்குகிறது. ஒரு பக்கத்தில் பதினோரு வரி கூட்ட வேண்டும், மூன்று தடவை கூட்டினேன், மூன்று விடை வந்தது. முப்பது வருடத்தில் அப்படி ஆனதில்லை. எதிரே இருக்கும் டீக்கடைத் தம்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு டீயைப் போட்டு வாயில் வைத்தான். வெந்நீர் மாதிரி இருந்தது. "டேய், சர்க்கரை போடுடா" என்கிறேன். "நாலு ஸ்பூன் போட்டிருக்கேன்ணே" என்கிறான். நான் நம்பவில்லை. இலை மென்றதில் நாக்கு செத்துப்போயிருந்தது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவனோடு சண்டை போட்டுக்கொண்டேதான் குடித்தேன். வீட்டிலிருந்து பையன் மீட்டரைக் கொண்டு வந்து பார்த்தபோது, டீ குடித்து இருபது நிமிடத்துக்குப் பிறகும், 58.

மச்சான், "மூலிகை வேலை செய்கிறது என்பதற்கு இதுதான் அத்தாட்சி, இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திவிடுங்கள்" என்கிறார். மனைவி கேப்சூலை நிறுத்து, பொடி இருக்கட்டும் என்கிறார். பையன் எல்லா மூலிகையும் ஏமாற்று என்கிறான். ஏமாற்று என்றால் 58 எப்படி வந்தது? டாக்டரிடம் கேப்சூல் விஷயத்தை இதுவரை சொல்லவில்லை, திட்டுவார் என்று பயம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மாடித்தோட்டம் திருவொற்றியூர் | ஜூலை 9

அண்ணா, எங்கள் மாடியில் இன்சுலின் செடி தொட்டியில் வைத்திருக்கிறோம். மாமியார் தினம் ஒரு இலை மென்று தின்றுவிட்டு, அந்தத் தைரியத்தில் இரண்டு ஜாங்கிரி சாப்பிடுவார். அவருக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை. "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று அவரே பழமொழியும் சொல்வார். ஆவாரம்பூ டீ முயன்று பாருங்கள், கசக்காது. எங்கள் செடியில் ஒரு கிளை வேண்டுமென்றாலும் தருகிறேன், காலடிப்பேட்டை மெட்ரோ பக்கம் வந்தால் சொல்லுங்கள்.

---

எண்ணூர் காற்று | ஜூலை 9

அதிகம் எழுத மனமில்லை. என் அப்பா எட்டு மாதம் மாத்திரையை நிறுத்திவிட்டு மூலிகை உருண்டை சாப்பிட்டார். மீட்டர் வாங்கவே இல்லை. "உடம்பு லேசாக இருக்கிறது" என்பார். காலில் செருப்பு கடித்த புண் ஆறவில்லை. கடைசியில் வலது காலில் இரண்டு விரல் எடுத்தார்கள். எங்கே, யாரிடம் வாங்கினார் என்று கேட்காதீர்கள், அவர்கள் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். மச்சான் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

---

மருந்துச்சீட்டு | ஜூலை 10

தம்பி, நான் பழைய வண்ணாரப்பேட்டை. ஒரு அரசு மருத்துவமனையில் 31 வருடம் மருந்தாளுநராக ஜன்னலுக்கு உள்ளே நின்றவள், இப்போது ஓய்வு. உங்கள் பதிவைப் படித்துவிட்டு இரவு தூக்கம் வரவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அவசரமானது. நாளைக் காலை டாக்டரிடம் போங்கள். பாட்டில், பொடி, உங்கள் நோட்டு மூன்றையும் எடுத்துப் போங்கள். திட்டினால் திட்டட்டும். அதுவரை வெறும் வயிற்றில் கிளைமிபிரைடைப் போட்டுக்கொண்டு வேலைக்கு ஓடாதீர்கள். அந்த மாத்திரை நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்ப்பதில்லை. கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே தள்ளும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் இப்படி இறங்குவது அபூர்வம். கேப்சூலையும் பொடியையும் டாக்டர் சொல்லும்வரை தொடாதீர்கள்.

பையில் குளுக்கோஸ் பொடி எப்போதும் இருக்கட்டும். 70க்குக் கீழே போனால், மீட்டர் கையில் இல்லாமல் வேர்வையும் நடுக்கமும் மட்டும் இருந்தாலும், மூன்று ஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. ஏறிய பிறகு ஏதாவது சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி இறங்கும். உங்கள் டீக்கடைத் தம்பி பொய் சொல்லவில்லை. சிறுகுறிஞ்சானில் உள்ள ஜிம்னிமிக் அமிலம் நாக்கில் இனிப்பை உணரும் இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அரை மணி, ஒரு மணி நேரம் சர்க்கரையை வாயில் போட்டால் மணல் மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே போன சர்க்கரை சர்க்கரைதான்.

இப்போது உங்கள் பையன் கேள்வி. ஏமாற்று என்று ஒரே அடியாகச் சொல்ல மாட்டேன். சிறுகுறிஞ்சானை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த பேர்பெற்ற ஆய்வு நம் சென்னையில்தான் நடந்தது, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஈ.ஆர்.பி. சண்முகசுந்தரம் குழு. 1990இல் வெளியானது. டைப் 2 நோயாளிகள் 22 பேருக்கு, அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரையோடு சேர்த்து, தினம் 400 மில்லிகிராம் இலைச் சாறு 18 முதல் 20 மாதம் கொடுத்தார்கள். சர்க்கரை குறைந்தது. 5 பேர் மாத்திரையையே விட முடிந்தது. மூலிகை விற்கிறவர்கள் இந்த ஐந்து பேரைத்தான் உலகம் முழுக்கச் சொல்லி விற்கிறார்கள். மிச்சம் 17 பேர் மாத்திரையோடுதான் இருந்தார்கள் என்று யாரும் சொல்வதில்லை. யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாவு என்று தெரியாமல் குலுக்கிப் போட்டுச் செய்த சோதனையும் அது இல்லை. ஆனால் எனக்கு அதில் பிடித்தது, கண்காணித்துக்கொண்டே மாத்திரையைக் குறைத்தார்கள் என்பதுதான். நீங்கள் மூலிகையைக் கூட்டினீர்கள், மாத்திரையைக் குறைக்க ஆள் இல்லை, ஏனென்றால் ஆளிடம் சொல்லவே இல்லை. 58 அங்கேதான் வந்தது.

அந்தக் கேப்சூலைப் பற்றியும் சொல்கிறேன், கணக்குப் போடுகிறவர் நீங்கள். வெந்தயத்தை எடுத்துக்கொள்வோம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் ஆர்.டி. சர்மா செய்த ஆய்வுகளில் ஒரு நாளைக்கு 25 கிராமிலிருந்து 100 கிராம் வரை வெந்தயப் பொடி கொடுத்தார்கள். வெந்தயத்தின் வழவழப்பு நார்தான் முக்கியம், குடலில் கூழாகி சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதை மெதுவாக்கும். அதற்கு அளவு வேண்டும். உங்கள் கேப்சூல் பெரும்பாலும் 500 மில்லிகிராமாக இருக்கும், ஏழு மூலிகையும் சமபங்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். 25 கிராம் வெந்தயம் சேர எத்தனை கேப்சூல் விழுங்க வேண்டும்? நான் போட்டுப் பார்த்தேன், 350. கிட்டத்தட்ட ஆறு பாட்டில், ஒரே நாளில். அதற்கு இரவில் வெந்தயத்தை ஊறவைத்து அடையில் அரைத்துப் போட்டால் போயிற்று.

பாகற்காய்க்கும் பட்டைக்கும் 2012இல் காக்ரேன் என்ற, மருத்துவ ஆய்வுகளை அலசும் குழு, நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. பாகற்காயில் நாலு சோதனை, 479 பேர். பட்டையில் பத்துச் சோதனை, 577 பேர். இரண்டிலும் சர்க்கரை குறைகிறது என்று சொல்லப் போதிய சான்று கிடைக்கவில்லை. பாகற்காயைப் பிட்லைக்குச் சாப்பிடுங்கள், நல்ல காய். பட்டையில் மட்டும் கவனம்: கடையில் மலிவாகக் கிடைக்கும் தடித்த பட்டையில் கூமரின் என்ற வேதிப்பொருள் அதிகம், தினமும் ஸ்பூன் கணக்கில் சாப்பிட்டால் கல்லீரலுக்கு ஆகாது. குழம்பில் போடும் துண்டு பிரச்சினை இல்லை.

எல்லாவற்றையும் விட எனக்குப் பயம் வேறு. பாட்டிலில் எழுதாத ஒன்று உள்ளே இருந்தால்? 2008இல் சிங்கப்பூரில் சுகரே இல்லாத 150 பேர் சர்க்கரை இறங்கி மருத்துவமனையில் சேர்ந்தார்கள், 4 பேர் இறந்தார்கள். வீரியத்துக்கு என்று விற்ற மாத்திரைகளில், மூலிகை என்று விற்றதிலும்கூட, கிளிபென்கிளமைடு கலந்திருந்தது. அது உங்கள் கிளைமிபிரைடுக்கு அண்ணன். சுகருக்கான "சுத்த மூலிகை" பொருள்களிலும் இப்படிக் கலப்படம் பிடிபட்டு அமெரிக்க மருந்துத் துறை எச்சரித்திருக்கிறது. உங்கள் பாட்டிலில் அப்படி என்று நான் சொல்லவில்லை. பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்: சித்த மருந்து தயாரிப்பு உரிம எண் இருக்கிறதா, இல்லை உணவுப் பொருள் உரிமம் மட்டுமா? உணவு உரிமத்தில் விற்றால் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று அதிலேயே அச்சிட்டிருக்க வேண்டும். நீரிழிவைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் வருடச் சட்டமே தடுக்கிறது, மச்சானுக்கும் அது பொருந்தும்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். உங்கள் நோட்டில் எண்கள் இறங்கத் தொடங்கியது ஏப்ரல் பாதி. நீங்கள் எழுதிய கடைசி எண் ஜூன் தொடக்கம். ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதி வரை அறுபத்தொரு நாள் உங்கள் கம்பெனியில் என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டுமா?

(திருவொற்றியூர் தங்கைக்கு: அந்தச் செடியில் இன்சுலின் இல்லை. இருந்தாலும் வாய்வழியாகப் போனால் செரித்துப் போய்விடும், அதனால்தான் இன்சுலினை ஊசியாகப் போடுகிறோம். மாமியாருக்கு ஒருமுறை ஹெச்பிஏ1சி பாருங்கள், ஜாங்கிரிக் கணக்கு அதில் வரும்.)

---

ஐஸ்கம்பெனி கணக்கு | ஜூலை 10

அக்கா, மீன்பிடித் தடைக்காலம்!

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. ஐஸ் ஓட்டம் பாதிக்குக் கீழே. நான் ஒன்பது மணிக்குத்தான் கம்பெனிக்குப் போனேன். இரண்டு மாதம் ராத்திரி தூங்கினேன், மனைவியோடு காலையில் நடந்தேன், நேரத்துக்குச் சாப்பிட்டேன். இன்னொன்றையும் எழுத மறந்துவிட்டேன். துறைமுகத்தில் இருந்தால் ஒரு நாளைக்கு ஏழு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன். தடைக்காலத்தில் வீட்டில் இரண்டே டீ. பதினாலு ஸ்பூன் நாலாகிவிட்டது. இத்தனை வரவும் நோட்டில் இருக்கிறது, நான் எல்லாவற்றையும் கேப்சூல் பேரில் வரவு வைத்துவிட்டேன். ஒரு சின்னப் பையன் இப்படி எழுதியிருந்தால் நானே திட்டியிருப்பேன்.

---

சூரணப்பெட்டி | ஜூலை 10

பெரம்பூரில் சித்த மருத்துவம் பார்க்கிறேன். மருந்துச்சீட்டு அம்மா சொன்னதில் பெரும்பகுதி சரி. ஒன்றிரண்டு இடத்தில் எனக்கு மாற்றுக் கருத்து.

ஆய்வு இல்லை என்பதும் பயன் இல்லை என்பதும் ஒன்றல்ல. சித்தத்தில் மதுமேகத்துக்கு, அதாவது சுகருக்கு, ஆவாரைக் குடிநீர் கொடுக்கிறோம். ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோட்டம், மருதம்பட்டை சேர்த்து இடித்து, காய்ச்சி வடித்துக் கொடுப்பது. அதில் கடலழிஞ்சிலை மட்டும் எடுத்தாலே, மாவுச்சத்தையும் சர்க்கரையையும் குடலில் உடைக்கும் நொதியைத் தடுக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் காட்டியிருக்கிறார்கள். ஆங்கில மருத்துவத்தில் வோக்லிபோஸ் என்ற சுகர் மாத்திரை செய்வதும் அதே வேலைதான். இதில் உங்களுக்கு ஒரு நடைமுறைச் செய்தி இருக்கிறது: இப்படிப்பட்ட மருந்து உள்ளே இருக்கும்போது சர்க்கரை இறங்கினால் டீயில் போடும் சர்க்கரை மெதுவாகத்தான் வேலை செய்யும். அதற்கு அம்மா சொன்ன குளுக்கோஸ் பொடிதான் வேண்டும்.

ஆனால் ஏழு மூலிகையை ஒரு சிட்டிகை வீதம் கேப்சூலில் அடைத்து, உடல்வாகு பார்க்காமல், என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்காமல் கல்யாண வீட்டில் விற்பது சித்த மருத்துவம் இல்லை. அதற்கு எங்கள் பேரைச் சேர்க்காதீர்கள்.

உங்கள் பொடியைப் பற்றி ஒரு வேலை செய்யுங்கள். டாக்டரைப் பார்த்து, சுகர் நிலையான பிறகு, ஒரு சிட்டிகைப் பொடியை நாக்கில் ஒரு நிமிடம் வைத்திருந்து துப்பிவிட்டு, கொஞ்சம் சர்க்கரையை வாயில் போடுங்கள். இனிப்பு மங்கவில்லை என்றால் அது சிறுகுறிஞ்சான் இல்லை, அல்லது பழசாகிச் செத்த பொடி. இலைக்கும் இதே பரீட்சைதான், பொன்னேரி இலை அதில் தேறிவிட்டது. ராசப்பச் செட்டித் தெருவில் நானும் சரக்கு வாங்குகிறேன். முழு இலையாக, முழுப் பட்டையாக வாங்குவேனே தவிர பொடியாக வாங்க மாட்டேன். பொடியில் எதைக் கலந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

பட்டியலில் சீந்தில் இருப்பதைக் கவனித்தேன். 2021இல் மும்பை மருத்துவர்கள் சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் பாதித்த ஆறு பேரைப் பற்றி எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை, சீந்தில் போலவே இருக்கும் வேறு கொடியாக இருக்கலாம் என்றது. யார் சொன்னது சரி என்பது இருக்கட்டும், கொடி எது என்று தெரியாமல் வாங்கினால் ஆபத்து என்பதில் இரண்டு தரப்புக்கும் சண்டை இல்லையே. ஈரல், சிறுநீரகப் பரிசோதனை இரண்டையும் இந்தத் தடவை சேர்த்துப் பார்த்துவிடுங்கள். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் கிளைமிபிரைடு உடம்பில் அதிக நேரம் தங்கும்.

என்னிடம் வருகிறவர்களிடம் ஆங்கில மாத்திரையை நிறுத்தச் சொல்வதில்லை. அதை எழுதிய டாக்டர்தான் குறைக்க வேண்டும். குடிநீருக்கும் மாத்திரைக்கும் நடுவே இரண்டு மணி நேரம் விடச் சொல்வேன்.

---

மருந்துச்சீட்டு | ஜூலை 11

டாக்டர், இரண்டு மணி நேர இடைவெளி வெந்தயம், இசப்கோல் போன்ற நாருக்குச் சரி, மாத்திரையை அது பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் கணையத்தில் ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பொருளுக்கு இரண்டு மணி இடைவெளி எதற்கும் உதவாது. இரண்டும் அன்று முழுக்க உடம்பில் இருக்கும்.

இன்னொன்று. ஆங்கில மாத்திரை, மூலிகை என்று நாம் கோடு போடுகிறோம். தம்பி தினம் இரண்டு போடுகிற மெட்ஃபார்மினே ஒரு செடியின் வழியில் வந்ததுதான். ஐரோப்பாவில் கலேகா என்று ஒரு செடி, அதில் உள்ள கலிஜீன் சர்க்கரையைக் குறைத்தது, ஆனால் விஷமாகவும் இருந்தது. அதை ஒட்டி ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்தவற்றில் ஒன்று மெட்ஃபார்மின். 1957இல் பாரிஸில் ஜான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் நோயாளிகளுக்குக் கொடுத்து எழுதினார். இன்று ஒவ்வொரு மாத்திரையிலும் 500 என்றால் 500. உங்கள் கால் கிலோப் பொடியில் இன்றைய ஸ்பூனும் நாளைய ஸ்பூனும் ஒன்றா என்று யாருக்கும் தெரியாது.

---

ஐஸ்கம்பெனி கணக்கு | அக்டோபர் 19

கேட்டுவிட்டு ஓடிப்போனவன் என்று நினைத்திருப்பீர்கள். மூன்று மாதம் முடியட்டும், எண்ணோடு வரலாம் என்று இருந்தேன்.

ஜூலை 11 அன்றே போனேன். டாக்டர் திட்டவில்லை. பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உணவு உரிம எண்தான் இருந்தது. ஏழு மூலிகையில் எது எவ்வளவு என்று ஒரு எழுத்து இல்லை. கேப்சூல் 500 மில்லிகிராம்தான், அக்கா கணக்கு சரி. டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "காலையில் எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள்?" நாலு வருடத்தில் இதை யாரும் கேட்கவில்லை, நானும் சொன்னதில்லை. மூன்று மணிக்கு மாத்திரை, நாலு மணிக்கோ ஏழு மணிக்கோ சாப்பாடு, ஞாயிறு என்றால் அதுவும் இல்லை என்றேன். இப்படிப்பட்ட வேலைக்குக் கிளைமிபிரைடு ஒத்துவராது என்று அதை நிறுத்திவிட்டார். மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடு எடுக்கச் சொல்லி அளவைக் கூட்டினார். கேப்சூலும் பொடியும் கிடையாது. வெந்தயம், பாகற்காய், நாவல் பழம் எதையும் சாப்பாடாகச் சாப்பிடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். ஈரலும் சிறுநீரகமும் சரியாக இருக்கின்றன.

பொடிப் பரீட்சையும் செய்து பார்த்தேன். ராசப்பச் செட்டித் தெருப் பொடி தேறவில்லை. நாக்கில் வைத்துத் துப்பிவிட்டு வெல்லத்தைக் கடித்தேன், வெல்லமாகவே இருந்தது. மனைவி இப்போது கடைக்காரர் மேல் கோபமாக இருக்கிறார், என் மேல் இல்லை, அது ஒரு லாபம்.

வேலை நேரம் மாறாது. மூன்று மணிக்குத்தான் எழுந்திருக்கிறேன். மதியம் வந்து படுத்துத் தூங்குகிறேன், முன்பு அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன். ஏழு டீ மூன்றாகியிருக்கிறது. மூன்றிலும் சர்க்கரை இல்லை. போன வாரம் பார்த்த ஹெச்பிஏ1சி 7.3. கேப்சூல் இல்லை, பொடி இல்லை, கிளைமிபிரைடும் இல்லை, தடைக்காலமும் இல்லை. ஜூனில் இருந்த 7.2க்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்கிறார் டாக்டர். ஜூலைக்குப் பிறகு 80க்குக் கீழே ஒருநாளும் இறங்கவில்லை. கேப்சூலில் சரக்கு ஏதாவது இருந்ததா, இல்லை வெறும் ஏழு டீயா என்று நோட்டை வைத்து என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மூன்றையும் ஒரே நாளில் தொடங்கினால் அப்படித்தான் ஆகும்.

மச்சானிடம் மிச்சம் 22 கேப்சூலைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். பணம் வரவில்லை, பேச்சும் நிற்கவில்லை, தீபாவளிக்கு வருகிறார்களாம்.

மேசை இழுப்பறையில் குளுக்கோஸ் டப்பா இருக்கிறது. டீக்கடைத் தம்பி மட்டும் அந்த ஞாயிறை மறக்கவில்லை. தினம் டம்ளரை நீட்டும்போது, "சர்க்கரை போடலைண்ணே, இன்னிக்காவது நம்புங்க" என்று சொல்லித்தான் கொடுக்கிறான்.